ஸ்டாப்பில் நிற்கும் பி.எல்.சி.: விளக்கைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

லைன் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்ததும் பேனல் கதவைத் திறந்து பவரை ஒருமுறை அணைத்துப் போடுவது எல்லா ஆலைகளிலும் நடக்கிறது. பாதி நேரம் ஓடியும் விடுகிறது. ஓடிவிட்டதாலேயே யாரும் காரணத்தைத் தேடுவதில்லை. அடுத்த முறை அதே இடத்தில் நிற்கும்போது கையில் ஒரு தடயமும் இருக்காது.

லைனை நிரல்படி ஓட்டும் தொழிற்சாலைக் கணினிதான் பி.எல்.சி.; அதன் மூளை சி.பி.யு. ரன் நிலையில் நிரல் ஓடும், ஸ்டாப்பில் நிற்கும். இங்கே சொல்லப்போவது சீமென்ஸ் எஸ்7-300, எஸ்7-400, எஸ்7-1500 குடும்பங்களை வைத்து. வேறு நிறுவனத்தின் பி.எல்.சி. என்றால் விளக்குகளின் பெயர் மாறும். தேடும் வரிசை பெரிதாக மாறாது.

எதைத் தொடுவதற்கு முன்பும் லேப்டாப்பை மாட்டி, சி.பி.யு. தன் நிகழ்வுகளை நேர வரிசையில் பதிந்துவைக்கும் டயக்னாஸ்டிக் பஃபரைத் திறந்து கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மெமரி ரீசெட் செய்தாலும் அது அழிவதில்லை. ஆனால் இடம் நிறைந்ததும் புதிய பதிவு வந்து பழைய பதிவைத் தள்ளிவிடும். ஒரு சென்சார் கார்டு விட்டுவிட்டுப் பழுது காட்டிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் பஃபர் முழுவதும் அதன் வரவும் போக்கும்தான் இருக்கும். நீங்கள் தேடுகிற ஒற்றை வரி அதற்குள் தொலைந்திருக்கும். இன்னொன்று: சி.பி.யு.வை ரன்னுக்குத் திருப்புகிற கணத்தில் சிலிண்டரோ கன்வேயரோ நகரலாம். இயந்திரத்துக்குள் ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் தொடுங்கள்.

ஒரு விளக்கும் எரியவில்லை, அல்லது பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போது சி.பி.யு. ரீஸ்டார்ட் ஆகிறது

24 வோல்ட்டை எஸ்.எம்.பி.எஸ். (பேனலின் பவர் சப்ளை) முனையில் அளக்காதீர்கள், சி.பி.யு.வின் டெர்மினலில் அளங்கள். இடையில் ஒரு ஃபியூஸ், நாலைந்து டெர்மினல், சரியாக முறுக்காத ஒரு திருகு எல்லாம் இருக்கின்றன. ஐ.இ.சி. 61131-2 தரநிலைப்படி 24 வோல்ட் டி.சி.யில் ஓடும் பி.எல்.சி. 20.4 முதல் 28.8 வோல்ட் வரை தாங்க வேண்டும். மீட்டரில் 23.8 காட்டுகிறது என்று திருப்தியடைய வேண்டாம். மோட்டார் கிளம்பும் கணத்தில் சில பத்து மில்லிசெகண்ட் சரிந்து மீள்வதைச் சாதாரணமாக அளந்தால் மீட்டர் காட்டாது. குறைந்ததையும் அதிகபட்சத்தையும் பதியும் (மினிமம்-மேக்ஸிமம்) வசதியுள்ள மீட்டரை மாட்டிவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள். வால்வு காயில்களும் சி.பி.யு.வும் ஒரே சப்ளையில் இருந்தால் அதைப் பிரிப்பதுதான் நிரந்தரத் தீர்வு. காயில்களின் குறுக்கே டயோடு இல்லாவிட்டால் அதையும் போட்டுவிடுங்கள்.

24 வோல்ட் சரியாக இருந்தும் எஸ்7-300இல் டி.சி. 5 வோல்ட் என்ற பச்சை விளக்கு எரியவில்லை என்றால், பவரை நிறுத்தி ஒவ்வொரு கார்டாகக் கழற்றிப் பாருங்கள். ஷார்ட் ஆன ஒரு கார்டு கார்டுகளை இணைக்கும் பின்புற பஸ்ஸையே இழுத்துப் பிடித்திருக்கலாம்.

இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.களை டயோடு மாட்யூல் வழியாக இணைத்திருக்கும் பேனல்களில் இன்னொரு கேள்வி உண்டு. இரண்டுமே உயிரோடு இருக்கின்றனவா? ஒன்று ஆறு மாதத்துக்கு முன்பே இறந்திருக்கலாம், மற்றது தனியாகச் சுமந்துகொண்டிருக்கலாம். டயோடு மாட்யூலில் அல்லது சப்ளையில் இருக்கும் அலார்ம் ரிலே கான்டாக்டை ஓர் உள்ளீட்டுக்கு இழுத்திருந்தால் தெரிந்திருக்கும். பெரும்பாலான பேனல்களில் அந்தக் கான்டாக்ட் ஒயர் இல்லாமல் வெறுமனே இருக்கிறது. இரண்டு சப்ளைக்கும் ஒரே எம்.சி.பி.யிலிருந்து (சிறு சர்க்யூட் பிரேக்கர்) உள்ளீடு கொடுத்திருக்கும் பேனல்களும் உண்டு. அதை இரட்டைச் சப்ளை என்று வரைபடத்தில் எழுதியிருப்பார்கள்.

எஸ்.எஃப். (பொதுப் பழுது) விளக்கு சிவப்பு, சி.பி.யு. ஸ்டாப்பில்

பஃபரில் 'ஸ்டாப்' என்ற பதிவுக்குக் கீழே, அதாவது காலத்தால் அதற்கு முன்னால், என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் காரணம். மேலே தெரிவதெல்லாம் விளைவு.

எஸ்7-300, 400இல் அடிக்கடி பார்ப்பது இது: தொலைவில் இருக்கும் ஓர் ஐ.ஓ. (உள்ளீடு-வெளியீடு) நிலையத்தின் பவர் போனது, அந்த நேரத்தில் சி.பி.யு. அழைக்கும் பகுதியான ஓ.பி. 86 நிரலில் இல்லை, சி.பி.யு. ஸ்டாப்புக்குப் போனது. ஒரு கார்டிலிருந்து டயக்னாஸ்டிக் இன்டரப்ட் வந்து ஓ.பி. 82 இல்லாவிட்டாலும் இதே கதைதான். நேரடியாகப் படிக்கும் ஐ.ஓ. முகவரி கிடைக்காவிட்டால் ஓ.பி. 122, நிரல் பிழைக்கு ஓ.பி. 121. எஸ்7-1500 இந்த விஷயத்தில் பொறுமைசாலி; 82, 86, 122 இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும், 121 இல்லாவிட்டால்தான் நிற்கும்.

வெறும் ஓ.பி.யை உள்ளே போட்டு டவுன்லோடு செய்தால் சி.பி.யு. நிற்காது. பலரும் அத்தோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். 82க்கும் 86க்கும் அதை நான் ஒப்புக்கொள்வேன், உள்ளே ஓர் அலார்ம் பிட்டையாவது எழுதினால். 121ஐ வெறுமனே போடுவதை ஒப்புக்கொள்ளமாட்டேன். இல்லாத டேட்டா பிளாக்கைப் படிப்பதும் அரேயின் எல்லை தாண்டுவதும் நிரலின் குற்றம். அதை மறைத்துக்கொண்டு ஓடும் இயந்திரம் தவறான எண்ணை வைத்து வேலை செய்கிறது.

பஃபரில் சைக்கிள் நேரம் (நிரல் ஒரு சுற்று ஓட எடுப்பது) தாண்டியது என்று இருந்தால்: தொழிற்சாலையிலிருந்து வரும்போது கண்காணிப்பு நேரம் 150 மில்லிசெகண்ட். அதை 500 ஆக்குவது ஒரு நிமிட வேலை. அதற்கு முன் ஆன்லைனில் சைக்கிள் நேரத்தின் குறைந்தது, அதிகபட்சம் இரண்டையும் பாருங்கள். சாதாரணமாக 20இல் ஓடி எப்போதாவது 160க்கு எகிறுகிறது என்றால் ஒரு நிபந்தனையில் மட்டும் நீளும் லூப் எங்கோ இருக்கிறது.

ஸ்டாப் விளக்கு மெதுவாக மினுக்குகிறது

இரண்டு வினாடிக்கு ஒருமுறை மினுக்கினால் சி.பி.யு. மெமரி ரீசெட் கேட்கிறது என்று பொருள். எஸ்7-300இல் மெமரி கார்டு கழன்றிருக்கிறது, மாறியிருக்கிறது, அல்லது அதில் இருப்பதைப் படிக்க முடியவில்லை.

செய்முறை: சாவியை எம்.ஆர்.இ.எஸ். (மெமரி ரீசெட்) நிலைக்குத் திருப்பிப் பிடித்திருங்கள். ஸ்டாப் விளக்கு இரண்டாம் முறை எரிந்து நிலைக்கும்; ஏறத்தாழ 3 வினாடி ஆகும். விட்டுவிட்டு, அடுத்த 3 வினாடிக்குள் மீண்டும் எம்.ஆர்.இ.எஸ்.க்குத் திருப்புங்கள். விளக்கு வேகமாக மினுக்கத் தொடங்கினால் ரீசெட் நடக்கிறது. நிலையாக எரிந்தால் முடிந்தது.

இதைச் செய்வதற்கு முன், எது போகும் எது தங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சி.பி.யு.க்களில் நினைவகம் மூன்று வகை. நிரலின் முழுப் பிரதியும் டேட்டா பிளாக்குகளின் தொடக்க மதிப்புகளும் இருப்பது லோடு மெமரி. ஓடும்போது பயன்படுவது ஒர்க் மெமரி. மின்சாரம் போனாலும் தக்கவைப்பதற்கு ரிட்டென்டிவ் பகுதி. எஸ்7-300இல் லோடு மெமரி என்பதே அந்தச் சிறிய மைக்ரோ மெமரி கார்டுதான். ரீசெட்டுக்குப் பிறகு நிரல் அதிலிருந்து திரும்ப ஏறிக்கொள்ளும், மதிப்புகள் மட்டும் தொடக்கத்துக்குப் போகும். எஸ்7-400இல் நிலைமை வேறு. ஃபிளாஷ் கார்டு இல்லாத சி.பி.யு.வில் லோடு மெமரி ரேமில் இருக்கிறது. ரீசெட் செய்தால் நிரலே போய்விடும். ஃபிளாஷ் கார்டு இருந்தால் கார்டில் உள்ளது ஏறும், ஆனால் அது கமிஷனிங் (முதலில் இயக்கிவைத்த) நாளில் எழுதியதாக இருக்கலாம். அதற்குப் பிறகு ரேமில் செய்த திருத்தங்கள் எதுவும் அதில் இருக்காது. இயந்திரம் ஓடும், பழைய நிரலில் ஓடும். ரீசெட்டுக்கு முன் சி.பி.யு.விலிருந்து லேப்டாப்புக்கு ஒரு முழு அப்லோடு எடுத்துக்கொள்ளாமல் 400இல் கை வைக்கக் கூடாது.

மைக்ரோ மெமரி கார்டை லேப்டாப்பின் கார்டு ஸ்லாட்டில் செருகினால் விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் அந்தக் கார்டைச் சி.பி.யு. பிறகு ஏற்காது. சாதாரண கேமரா கார்டு போலத் தோற்றம் இருந்தாலும் உள்ளமைப்பு சீமென்ஸுக்கே உரியது. பவரை நிறுத்திவிட்டே அதைக் கழற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மின்தடைக்குப் பிறகு நிரல் இருக்கிறது, செட்பாயிண்டுகள் இல்லை

டைமர் மதிப்பு, வெப்பநிலை, எண்ணிக்கை எல்லாம் முதல் நாள் நிலைக்குப் போயிருக்கும். ஆபரேட்டர் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்.

எஸ்7-1500 என்றால் அந்த டேட்டா பிளாக்கைத் திறந்து 'ரிட்டெயின்' நெடுவரிசையைப் பாருங்கள். ஆப்டிமைஸ்டு பிளாக்கில் ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனியாகக் குறி போடலாம். ஸ்டாண்டர்டு பிளாக்கில் முழுவதற்கும் சேர்த்துத்தான். குறி போடாமல் விட்டிருந்தால் காரணம் அதுவே. குறி இருந்தும் போயிற்று என்றால், மின்தடையைச் சாக்காக வைத்து யாராவது டவுன்லோடு செய்தார்களா என்று கேளுங்கள். பிளாக்கின் அமைப்பை மாற்றி இறக்கும்போது மதிப்புகள் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். இறக்குவதற்கு முன் டி.ஐ.ஏ. போர்ட்டலில் (சீமென்ஸின் நிரல் எழுதும் மென்பொருள்) மதிப்புகளின் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதைத் தொடக்க மதிப்புகளாக நகலெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எஸ்7-400 என்றால் சந்தேகம் பவர் சப்ளையில் இருக்கும் பேக்கப் பேட்டரி மீது போக வேண்டும். 3.6 வோல்ட் லித்தியம் செல். இதை மீட்டரில் அளந்து நல்லது கெட்டது சொல்வது கஷ்டம்; ஆயுள் முழுவதும் 3.6ஐ ஒட்டியே காட்டிவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும். எனவே வாங்கிய தேதியை அதன்மேல் எழுதி, காலக்கெடு வைத்து மாற்றுவதே வழி. நீண்ட நாள் ஸ்டோரில் கிடந்த புது செல்லுக்கு வேறொரு குணம்: உள்ளே லித்தியத்தின் மேல் ஒரு மெல்லிய படலம் பிடித்திருக்கும், மாட்டியவுடன் பேட்டரி பழுது விளக்கு எரியலாம். சிறிது நேரம் ஒரு சுமை கொடுத்து அந்தப் படலத்தைக் கலைத்த பிறகு சரியாகிவிடும். இது தெரியாமல் நல்ல செல்லைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

பேட்டரியை மாற்றும்போது பவர் ஆனிலேயே இருக்கட்டும். பாதுகாப்பு என்று நினைத்துப் பவரை நிறுத்திவிட்டுப் பேட்டரியை உருவினால் ரேமில் இருந்த அத்தனையும் அந்த நிமிடமே போய்விடும்.

பி.எஃப். (நெட்வொர்க் பழுது) விளக்கு சிவப்பு, ஒரு நிலையம் அல்லது பாதி லைன் காணவில்லை

நிலையங்களை இணைக்கும் கேபிள் ஊதா நிறம் என்றால் அது புரொஃபிபஸ் நெட்வொர்க். பவரை நிறுத்தி ஏ, பி ஒயர்களுக்கு இடையே மின்தடையை ஓமில் அளங்கள். இரு முனையிலும் டெர்மினேட்டர் (முனைத் தடை) ஆனில் இருந்தால் 220 ஓம் இரண்டு இணையாகச் சேர்ந்து சுமார் 110 ஓம் காட்டும். 220 காட்டினால் ஒரு முனை ஆஃபில் இருக்கிறது, அல்லது நடுவில் கேபிள் அறுந்திருக்கிறது. 110க்கு மிகவும் கீழே இறங்கினால் நடுவில் எங்கோ மூன்றாவது டெர்மினேட்டர் ஆன் ஆகியிருக்கும்.

சீமென்ஸ் கனெக்டரில் அந்தச் சிறு சுவிட்சை ஆன் செய்தால் டெர்மினேட்டர் சேர்வதோடு, வெளியே போகும் கேபிளும் துண்டிக்கப்படுகிறது. பழுது தேட இதைவிட நல்ல கருவி இல்லை. லைனின் நடுவில் இருக்கும் கனெக்டரில் சுவிட்சை ஆன் செய்யுங்கள். முன்பாதி நிலையங்கள் திரும்பி வந்தால் பழுது பின்பாதியில். அதை மீண்டும் பாதியாக்குங்கள். முப்பது நிலையம் இருந்தாலும் ஐந்தாறு முறையில் இடத்தைப் பிடித்துவிடலாம். முடிந்ததும் நடுவில் ஆன் செய்த எல்லாவற்றையும் ஆஃப் செய்ய மறக்காதீர்கள்.

கடைசி நிலையத்தை நிறுத்தும்போதெல்லாம் லைனில் வேறு நிலையங்கள் விட்டுவிட்டு மறைகின்றனவா? டெர்மினேட்டருக்கு 5 வோல்ட் அந்தக் கடைசி நிலையத்திலிருந்துதான் வருகிறது. தனியாகப் பவர் கொடுக்கும் டெர்மினேட்டரை முனையில் வையுங்கள்.

பச்சைக் கேபிள், புரொஃபிநெட் என்றால், புதிதாக மாற்றிய கருவியில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சி.பி.யு. கருவியைத் தேடுவது ஐ.பி. முகவரியால் அல்ல, கருவிப் பெயரால். ஐ.பி.யை மட்டும் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கேபிளைச் சந்தேகிப்பது வாடிக்கை.

ரிங் ஓரிடத்தில் அறுந்தது, ரிடன்டன்சி (மாற்று ஏற்பாடு) வேலை செய்தது, லைனும் நின்றது

இதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. ரிங்கில், அதாவது கருவிகளை வட்டமாக இணைத்த நெட்வொர்க்கில், ஒரு கேபிள் போனால் தகவல் மறுபக்கமாகச் சுற்றிப் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். போகவும் செய்தது. பிறகு ஏன் எல்லா நிலையமும் ஒரு கணம் மறைந்து சி.பி.யு. அலார்மைக் கொட்டியது?

கணக்கைப் பாருங்கள். புரொஃபிநெட்டில் பரவலாகப் பயன்படும் எம்.ஆர்.பி. நெறிமுறை, ஐ.இ.சி. 62439-2படி, 50 கருவிகள் வரை உள்ள ரிங்கில் அதிகபட்சம் 200 மில்லிசெகண்டில் பாதையை மாற்றிவிடும். உங்கள் நிலையத்தின் புதுப்பிப்பு நேரம் 2 மில்லிசெகண்ட். தவறவிட அனுமதிக்கும் சுற்றுகள், இயல்பாக, 3. அதாவது 6 மில்லிசெகண்டில் தகவல் வராவிட்டால் இணைப்பு போயிற்று என்று முடிவு. 200க்கும் 6க்கும் உள்ள தூரம்தான் உங்கள் பழுது. நெட்வொர்க் கட்டியவரும் நிரல் எழுதியவரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

புதுப்பிப்பு நேரத்தை 8 ஆக்கி, அனுமதிக்கும் சுற்றுகளை 30 ஆக்கினால் 240 மில்லிசெகண்ட் கிடைக்கும்; ரிங் மாறுவதற்குள் இணைப்பு விழாது. விலை என்னவென்றால், உண்மையிலேயே இணைப்பு போனாலும் அந்த 240 மில்லிசெகண்ட் வெளியீடுகள் கடைசி நிலையிலேயே நிற்கும். வேகமான பிரஸ்ஸுக்கு அது ஆகாது. தண்ணீர் பம்புக்குத் தாராளம். இடத்துக்கு இடம் முடிவு செய்யுங்கள்.

இதைச் சரிசெய்த பிறகும் மஞ்சள் நிறப் பாதுகாப்புக் கார்டுகள் மட்டும் முடங்கினால், புரொஃபிசேஃப் (பாதுகாப்புத் தகவலுக்கான நெறிமுறை) கண்காணிப்பு நேரம் இயல்பாக 150 மில்லிசெகண்டில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 200க்கு அதுவும் போதாது. ஆனால் இதைப் பராமரிப்புப் பிரிவில் இருந்துகொண்டு நீங்களே கூட்டக் கூடாது. அந்த எண்ணை வைத்துத்தான் லைட் கர்ட்டனை (கை நுழைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித் திரை) இயந்திரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று கணக்கிட்டிருப்பார்கள். எண் கூடினால் தூரமும் கூட வேண்டும்.

ரிங் சில நிமிடங்கள் மீளாமலேயே இருந்தால் ரிங்குக்குள் யாரோ ஒரு சாதாரண அன்மேனேஜ்டு சுவிட்சைச் செருகியிருக்கிறார்கள். பாதை மாறியதும் பழைய முகவரிப் பட்டியலை அழித்துவிடு என்று எம்.ஆர்.பி. அனுப்பும் செய்தி அதற்குப் புரியாது. பட்டியல் தானாகக் காலாவதியாகும் வரை பழைய பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கும். பல சுவிட்சுகளில் அது 5 நிமிடம். கேபிளைச் செருகி ரிங்கை மூடியதுமே நெட்வொர்க் முழுவதும் உறைந்து, எல்லா விளக்கும் வெறிபிடித்தாற்போல் மினுக்கினால் ரிங்கை ஓரிடத்தில் தடுத்து வைத்திருக்கும் ரிங் மேனேஜர் கருவி எதுவும் இல்லை. தகவல் முடிவின்றிச் சுற்றுகிறது. ஒரு கேபிளை உருவுங்கள், உடனே அடங்கும். பிறகு நிதானமாக மேனேஜரை நியமியுங்கள். ரிங் கேபிள்கள் சரியான போர்ட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்: சீமென்ஸ் கருவிகளில் பி1, பி2 பக்கத்தில் ஆர் என்ற எழுத்து அச்சிட்ட போர்ட்டுகள்தான் ரிங்குக்கு உரியவை.

நான் அதிகம் கவலைப்படுவது ஒரு சலனமும் இல்லாமல் போகும் முதல் அறுப்பைப் பற்றி. ரிங் ஏற்பாடெல்லாம் சரியாக இருந்தால் முதல் கேபிள் போவது யாருக்கும் தெரியாது. லைன் ஓடும். அன்றிலிருந்து அது ரிங் அல்ல, சாதாரண நேர்கோடு. இரண்டாவது கேபிள் போகும் நாளில் "ரிங் போட்டும் பயனில்லை" என்று பேச்சு வரும். மேனேஜர் கருவியில் ரிங் திறந்த நிலை என்ற அலார்மை இயக்கி, ஆபரேட்டர் திரையில் அவர் மூடிவிட முடியாத ஒரு வரியாகக் கொண்டுவாருங்கள்.

ஒரு மில்லிசெகண்டும் இழக்கக் கூடாது என்றால் பி.ஆர்.பி. போன்ற முறைக்குப் போக வேண்டும்: இரு தனி நெட்வொர்க்குகளில் ஒரே தகவல் இரண்டாக ஓடும், முதலில் வருவது ஏற்கப்படும். அதிலும் இரண்டு கேபிளையும் ஒரே டிரேயில் போட்டிருந்தால் வெல்டிங் தீப்பொறிக்கு இரண்டும் ஒன்றுதான்.

எஸ்7-400எச்: ஸ்டாண்ட்பை ஏற்றுக்கொள்ளவில்லை

எஸ்7-400எச்சில் இரண்டு சி.பி.யு. ஜோடியாக ஓடும். முதன்மை சி.பி.யு. நின்றது, மற்றது எடுத்துக்கொள்ளவில்லை. அநேகமாக ஸ்டாண்ட்பை அன்று பழுதாகவில்லை. பல வாரமாக ஸ்டாப்பில் நின்றிருக்கிறது. ஆர்.இ.டி.எஃப். (ஜோடி இழப்பு) விளக்கு அத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்திருக்கும், பூட்டிய பேனலுக்குள். இரண்டும் இணைந்து ஓடும்போதுதான் அது அணைந்திருக்கும். மெதுவாக மினுக்கினால் இணைப்பு நடக்கிறது, வேகமாக மினுக்கினால் தகவல் நகலாகிறது.

ஐ.எஃப்.எம்.1எஃப். அல்லது 2எஃப். விளக்கு எரிந்தால் இரு சி.பி.யு.க்களையும் இணைக்கும் ஒத்திசைவு ஃபைபரையும் அதன் மாட்யூலையும் பாருங்கள். ஃபைபர் முனையைத் துடைக்காமல் செருகுவதும் கையளவுக்குக் குறுக்கி வளைத்துக் கட்டுவதும் இங்கே வழக்கமான குற்றங்கள். இரண்டு ஃபைபரும் வெவ்வேறு பாதையில் போக வேண்டும்.

ஃபைபர் சரி, ஆனாலும் இணைய மறுக்கிறது என்றால் இரு சி.பி.யு.வின் ஆர்டர் எண்ணும் ஃபர்ம்வேர் பதிப்பும் ஒன்றா, மெமரி கார்டுகள் ஒரே வகை, ஒரே அளவா என்று ஒப்பிடுங்கள். சி.பி.யு.வை மாற்றிய பிறகு வந்த பழுது என்றால் பின்புறம் இருக்கும் ரேக் எண் சுவிட்ச். இரண்டும் 0இல் இருந்தால் இணையாது. கழற்றினால்தான் அது கண்ணில் படும். மாட்டும் முன் பார்ப்பது எளிது. திருத்திய பிறகு பவரை நிறுத்திப் போட்டால்தான் புது எண் செல்லும்.

எல்லாம் சரியானதும் ஓ.பி. 72இல் ஓர் அலார்ம் எழுதுங்கள். ஸ்டாண்ட்பை விலகிய நிமிடமே திரையில் வரட்டும். பிறகு உற்பத்தி மேலாளரிடம் நேரம் கேட்டு, முதன்மையை வேண்டுமென்றே ஸ்டாப்புக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நேரம் தரமாட்டார் என்றால் திட்டமிட்ட ஷட்டவுன் தொடங்கும் முதல் அரைமணியைக் கேளுங்கள், முடிவதற்கு முந்தைய அரைமணியை அல்ல. ஏதாவது பிடிவாதம் பிடித்தால் சரிசெய்ய நாள் மிச்சமிருக்கும்.